பூட்டிய வீடுகளின் விளக்கீடு

அத்தியாயம் 17

"மச்சாள், சவள் கொண்டு வந்திருக்கிறன். பனி அள்ளப் போவமோ?"

படலைக்கு வெளியே ஓட்டோவை நிறுத்திவிட்டு டினேஸ் போட்ட சத்தத்தில் மதில்மேல் இருந்த காகம் எழும்பிப் பறந்தது.

"உவனுக்கு விடிஞ்சால் வேறை கதையில்லை. பிள்ளை, நீ வாய் குடுக்காதை" என்றாள் கோபிகாவின் அம்மா குணலட்சுமி, குசினிக்குள் இருந்தபடியே.

கோபிகா வாய் கொடுக்கவில்லை. விறாந்தை மேசையில் லப்டொப்புக்குப் பக்கத்தில் கைப்பேசியை மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஊமையாகக் கிடந்தது.

பனிக் கதை கொக்குவில் முழுக்கத் தெரிந்த கதை. வெளிநாட்டில் இருப்பவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகளைப் பார்த்துக் கொடுப்பதற்காகக் கோபிகாவும் கணவன் செந்தூரனும் தொடங்கியதுதான் 'வளவுக்காவல்'. வளவு கூட்டுவது, கிணறு இறைப்பது, கறையான் பார்ப்பது, வெள்ளிக்கிழமையில் சாமியறையில் விளக்கேற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம். நாலு வீடு கிடைத்தது. ஐந்தாவது வரவே இல்லை.

இணையத்தில் தேடுகிறவர்களின் கண்ணில் பட்டால்தானே வருவார்கள்? கோபிகா ஏஐயிடம் சொல்லி, ஒரே மூச்சில் ஒரு கட்டுக் கட்டுரைகளை எழுதுவித்து, வாசித்தும் பாராமல் தங்கள் தளத்தில் ஏற்றிவிட்டாள். கனடாவில் இருக்கும் எங்கள் ஆட்களுடைய வீட்டுப் பராமரிப்பைப் பற்றி எழுது என்றவள், அந்த வீடுகள் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன என்று சொல்லவில்லை. கொக்குவிலில் அதை யாருக்குச் சொல்லவேண்டும்? ஒழுங்கைக்கு ஒழுங்கை அப்படி வீடுகள்தானே.

ஏஐக்குச் சொல்லவேண்டியிருந்தது. 'மார்கழி மாதத்தில் உங்கள் கூரையில் குவியும் பனியை எமது ஊழியர்கள் உடனுக்குடன் அள்ளி அகற்றுவார்கள்' என்று அது எழுதியிருந்தது. கீழே கொக்குவில் விலாசம்.

அதைக் கண்டுபிடித்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டவன் இந்த டினேஸ்தான். குணலட்சுமியின் தமையன் மகன். அன்றிலிருந்து கோயிலடியிலும் சந்தையிலும் கோபிகாவைக் கண்டவர்கள் எல்லாம், "பிள்ளை, குளிருதே?" என்று கேட்டார்கள்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. நாலு வீட்டோடு குடும்பம் ஓடாது என்று செந்தூரன் எழுதிப் போட்டிருந்த கட்டார் வேலை சரிவந்தது.

"விளக்கீடு மட்டும் பொறுங்கோ" என்று கோபிகா கேட்டிருந்தாள். "அதுக்குள்ளை ஆக்கள் வரேல்லையெண்டால் போங்கோ. நான் மறிக்கமாட்டன்."

இன்று விளக்கீடு, திருக்கார்த்திகை நாள். பின்னேரம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏசென்சி பூட்டுவதற்குள் ஓம் அல்லது இல்லை சொல்லவேண்டும். செந்தூரனை ரவுணுக்கு ஏற்றிக்கொண்டு போகத்தான் டினேஸ் வந்திருந்தான்.

"அண்ணை எங்கை, மச்சாள்?"

"சேட் அயன் பண்ணுறார்."

"கட்டாருக்குப் பனிச் சட்டை தேவையில்லையாம், சொல்லிவிடும்."

"டினேஸ்!" அகப்பையோடு குணலட்சுமி வெளியே வந்தாள். "தேத்தண்ணி வேணுமெண்டால் வாயை மூடிக்கொண்டு இரு."

அவன் வாயை மூடிக்கொண்டு இருந்தான். குணலட்சுமியின் தேத்தண்ணிக்கு அந்த மரியாதை உண்டு.

---

பனி கொட்டிய பிறகு கோபிகா சும்மா இருந்துவிடவில்லை. பழைய கட்டுரைகள் எல்லாவற்றையும் அழித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒரு பகிடிதான் வழியைத் திறந்தது.

அன்றைக்குக் குணலட்சுமி கைப்பேசியில் சொந்தத்துக்குள் ஒரு பெண்ணுக்கு வந்த சம்பந்தத்தை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓமோம், உடுவில் எண்டு சொன்னனீர். உடுவிலிலை எந்தப் பக்கம்? கோயில் எது? தாயின்ரை பகுதி எவடம்? பெடியன் குடிக்கிறேல்லை எண்டு ஆர் சொன்னது? தாய் சொன்னவவோ? தாய் அப்பிடித்தானே சொல்லுவா."

கேட்டுக்கொண்டிருந்த செந்தூரன் மனைவியின் காதுக்குள் சொன்னான். "மாமி விசாரிக்கிற மாதிரி உம்மடை ஏஐ முதல் உம்மை விசாரிச்சிருந்தால், கொக்குவிலிலை பனி கொட்டியிருக்காது."

அவன் பகிடியாகத்தான் சொன்னான். அவள் அதை அப்படியே தட்டச்சு செய்தாள்.

'நீ சம்பந்தம் விசாரிக்கிற ஒரு யாழ்ப்பாணத்து மாமி. நான் ஒரு கேள்வி தருவேன். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடக்கும் தன் வீட்டைப் பற்றி இணையத்தில் தேடுகிற கேள்வி அது. எழுத முன்னர் என்னைத் துருவித் துருவிக் கேள். நான் சொல்லாத ஒன்றையும் எழுதாதே. அவர் தேடுகிற கேள்வியே தலைப்பு. பதில் முதல் இரண்டு வரிக்குள் வரவேண்டும். புழுகக்கூடாது.'

முதலில் கொடுத்த கேள்வி, 'விளக்கீட்டன்று பூட்டிய வீட்டில் யார் விளக்கு வைப்பது?'

ஏஐ விசாரிக்கத் தொடங்கியது. வாசலில் மட்டுமா, கிணற்றடியிலுமா? மழை பெய்தால் என்ன செய்வீர்கள்? உள்ளே திறக்காமல் வைக்கலாமா? எந்த வீட்டில் வைக்கக்கூடாது?

கடைசிக் கேள்வியைக் கண்டதும், தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குணலட்சுமிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியே, இப்பதான் மனிசராட்டம் கேக்குது. துடக்கு வீட்டிலை வைக்கிறேல்லை எண்டு சொல்லு. இந்த வருசம் செத்தவீடு நடந்ததோ எண்டு முதலே கேக்கவேணும் எண்டும் சொல்லு. அது சரி, அதுக்கு ஊர் எது?"

"அதுக்கு ஊர் இல்லையம்மா."

"அதுதானே பாத்தன். ஊர் இல்லாததுதான் உன்னைப் பனி அள்ள விட்டது."

முந்தி ஒரு கட்டுரைக்கு இரண்டு நாள் தலையைச் சொறிந்துகொண்டு இருந்தவள், இப்போது உலையில் அரிசி போட்ட பிறகு தொடங்கிச் சோறு வடிக்க முன்னர் முடித்தாள். எழுதியதை மத்தியானச் சாப்பாட்டில் உரத்து வாசிப்பாள். யாராவது சிரித்தால் அந்த வரி போய்விடும். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து இளைப்பாறிய அப்பா நமசிவாயம் அதிகம் பேசாத மனிதர். ஆனால் 'தரமான சேவை' என்று எங்காவது வந்துவிட்டால், சோற்றைப் பிசைந்தபடியே ஒரு சொல் சொல்வார்.

"ஆர் சொன்னது?"

அந்த வரியும் போய்விடும்.

அதே கட்டுரையைப் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும் எழுதுவித்தாள். வீட்டுக்காரரின் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தானே தேடுகிறார்கள். கறையான், கிணறு, மின்சாரப் பட்டியல், மதில் ஏறும் மாமரக் கொப்பு என்று தளம் நிறைந்தது. ஆனால் அழைப்பு ஒன்றும் வரவில்லை.

---

செந்தூரன் அயன் பண்ணிய சேட்டோடு வந்து நின்றான்.

"கோபிகா, நான் வெளிக்கிடுறன்."

"பின்னேரம் வரைக்கும் நேரம் இருக்குத்தானே?"

"இருந்து என்ன செய்யிறது? நீர் வடிவா எழுதுறீர். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. வாசிக்க ஆக்களும் வேணுமெல்லே."

"நேற்று நான் தேடிப் பாத்தனான். விளக்கீடு எண்டு போட்டுத் தேடினால் எங்கடைதான் முதல் பக்கத்திலை, மேலை நிக்குது."

"தேடினது நீர். நீர் கனடாவிலையே இருக்கிறீர்?"

அவள் லப்டொப்பை மூடினாள். கண் கலங்கியதை அவன் பார்த்துவிட்டான்.

"எனக்கு மட்டும் போக ஆசையே? கலியாணம் முடிச்சு ஒரு வருசமும் ஆகேல்லை" என்றான் தாழ்ந்த குரலில்.

"அப்ப இருங்கோவன்."

"மாமா வீட்டிலை இருந்து சாப்பிட்டுக்கொண்டோ?"

டினேஸ் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவனுக்கே பகிடி வரவில்லை.

அப்போதுதான் கைப்பேசி அடித்தது.

எல்லாரும் அதைப் பார்த்தார்கள். தெரியாத இலக்கம். கனடா.

"எடு பிள்ளை!" என்றாள் குணலட்சுமி.

"வணக்கம், வளவுக்காவல்..."

"தங்கச்சி, நான் ஜெசிதா, ரொறன்ரோவிலை இருந்து கதைக்கிறன். படுக்கப் போகேக்கைதான் ஞாபகம் வந்தது, ஊரிலை விடிஞ்சிருக்கும், இண்டைக்கு விளக்கீடு. அம்மா இருந்த வீடு, போன வருசமும் இருட்டாக் கிடந்தது. சும்மா தேடிப் பாத்தன். உங்கடை எழுத்து வந்தது. அதிலை கிணத்தடியிலையும் ஒரு பந்தம் வைப்பம் எண்டு போட்டிருந்தியள்..." குரல் இடறியது. "அம்மா அங்கையும் வைக்கிறவ."

குணலட்சுமி கைப்பேசியைப் பறித்துவிட்டாள்.

"பிள்ளை, வீடு எவடத்திலை? ரெயில் பாதைக்கு இஞ்சாலையோ அங்காலையோ? ஆற்றை மகள் நீர்? ஓ, வாத்தியாற்றை மகளே! இந்த வருசம் உங்கடை பகுதியிலை செத்தவீடு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

"இல்லை மாமி. நீங்கள் உப்பிடிக் கேப்பியள் எண்டும் அதிலை எழுதியிருக்கு" என்று ஜெசிதா அழுகையோடு சிரித்தாள். "விளக்கு வைச்சுப்போட்டு வீட்டையும் நீங்களே பாருங்கோ. நான் தங்கச்சியாக்களுக்கும் சொல்லுறன்."

அந்த அழைப்பை வைத்ததும் அடுத்தது வந்தது. பிறகு வேறொன்று. கனடா படுக்கப் போகும் வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்சம் ஓய்ந்து, இவ்வளவுதானோ என்று நினைக்கும்போது லண்டன் எழும்பியது.

"அண்ணை, ரவுணுக்குப் போறமோ?" என்று டினேஸ் கேட்டான்.

"பொறடாப்பா" என்றான் செந்தூரன். சேட் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

---

மத்தியானம் சுவிசில் இருந்து ஒருவர் பேசினார். கோபிசங்கர் என்று பெயர். மற்றவர்களைப் போல இளகிய மனிதர் இல்லை.

"விளக்கு வைக்கிறதெல்லாம் சரி, பிள்ளை. உந்த மழைக்கு என்ன செய்யிறியள்? செய்தியிலை வெள்ளம் எண்டு போடுறான். ஒழுங்கைத் தண்ணி கிணத்துக்கை போனால்? அதைப் பற்றி எழுதியிருக்கிறியளோ?"

"இல்லை அண்ணை. அது எழுதேல்லை."

"பாத்தீரே!"

"எங்களுக்கு ஒரு சொட்டு நேரம் தாங்கோ. வாசிச்சுப் பாத்திட்டு வீட்டைத் தாறதோ இல்லையோ எண்டு முடிவெடுங்கோ."

"எனக்காண்டி எழுதப் போறீரோ?"

"உங்களை மாதிரி எத்தினை பேர் இண்டைக்கு இதைத் தேடிக்கொண்டிருக்கினம்?"

கோபிகா லப்டொப் முன் இருந்தாள். கேள்வியைக் கொடுத்தாள். ஏஐ மாமி விசாரிக்கத் தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, கெதியா வாங்கோ. வெள்ளம் போன உடனை கிணத்தை இறைச்சு விடலாமோ எண்டு கேக்குது."

"விசரே!" என்று ஓடி வந்தான் செந்தூரன். "உடனை இறைக்கக்கூடாது. நிலத்துக்குக் கீழை தண்ணி நிறைஞ்சு நிக்கேக்கை இறைச்சால் கட்டு இடிஞ்சு உள்ளுக்கை விழுந்திடும். மழை விட்டு, தண்ணி கொஞ்சம் இறங்கவிட்டுத்தான் இறைக்கிறது."

"எவ்வளவு இறங்கவேணும் எண்டு கேக்குது."

"பக்கத்து வளவுக் கிணறும் இறங்குதோ எண்டு பாக்கவேணும். அதுதான் கணக்கு."

"குளோரின் ஆர் போடுறது?"

"நாங்கள்தான். சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுத்தான் அளவு. சும்மா அள்ளிக் கொட்டுறேல்லை எண்டு எழுதும். பேந்து, கிணத்துக் கட்டு உயரமில்லாத வீடெண்டால் மழைக்கு முன்னமே மண்மூட்டை அடுக்கவேணும். அதை விட்டிட்டீர்."

அவன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தே விட்டான். அது கேட்க, அவன் சொல்ல, அவள் தட்ட, குசினியில் சோறு கொதித்தது. கடைசியில் கோபிகா 'எழுது' என்றாள். திரையில் வரிகள் இறங்கின. அவள் உரத்து வாசித்தாள்.

"'யாழ்ப்பாணத்தில் பூட்டிய வீட்டுக் கிணற்றுக்குள் வெள்ளம் போனால் என்ன செய்வது? உடனே இறைக்க வேண்டாம். நீர்மட்டம் இறங்கும்வரை பொறுத்திருங்கள்...'"

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் நமசிவாயம் தலையை நிமிர்த்தினார்.

"'எந்த வெள்ளத்தையும் சமாளிப்போம்' எண்டு கிடக்கு. ஆர் சொன்னது?"

"அது தானா எழுதினது, அப்பா."

"வெட்டு."

வெட்டினாள். கட்டுரை தளத்தில் ஏறியது. இணைப்பு சுவிசுக்குப் போனது. சோறு அப்போதுதான் வடித்து முடிந்திருந்தது.

கோபிசங்கர் திருப்பி எடுத்தார். குரல் இறங்கியிருந்தது.

"உதை எழுதினது ஆர்? கம்பியூட்டரோ, மனிசரோ?"

"எழுதினது கம்பியூட்டர், அண்ணை. சொன்னது என்ரை அவர். வெட்டினது அப்பா."

மறுபக்கத்தில் சிரிப்புக் கேட்டது. "உடுவிலிலை நீலப் படலை வீடு. பூட்டின்ரை திறப்பை அனுப்பிவிடுறன். இண்டைக்கு வாசலிலை ஒரு விளக்கு மட்டும் வைச்சுக் காட்டுங்கோ. காணும்."

---

அதன் பிறகு வீடு கலியாண வீடு மாதிரி ஆனது. டினேஸின் ஓட்டோ திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் மண் சிட்டி விளக்குகளோடும் எண்ணெயோடும் வந்தது. நமசிவாயம் பின் வளவில் வாழை வெட்டிக் குற்றி ஆக்கினார். குணலட்சுமி பழஞ்சேலையைக் கிழித்துத் தடிகளில் சுற்றிப் பந்தம் கட்டினாள். கட்டிக்கொண்டே கைப்பேசியில் லண்டனை விசாரித்தாள்.

"எங்கடை அம்மம்மா ஆக்கள் அந்த ஒழுங்கைதான். அப்ப நீர் எனக்குத் தம்பி முறை வேணும்."

"மாமி, விலை சொல்லுறதுக்கு முன்னம் முறை சொல்லுறியள்" என்றான் டினேஸ்.

"முறை தெரிஞ்சால்தான்ரா நாளைக்கும் கதைப்பினம்."

செந்தூரனின் கைப்பேசி அடித்தது. அயன் பண்ணிய சேட்டில் எண்ணெய். இரண்டு கையிலும் எண்ணெய். கோபிகா அதை எடுத்து அவன் காதில் பிடித்தாள். பிடித்த பிறகுதான் யார் என்று பார்த்தாள்.

ஏசென்சி.

பந்தம் கட்டிய கைகள் நின்றன. வாழைக்குற்றியோடு வந்த நமசிவாயம் அப்படியே நின்றார்.

"ஓம், செந்தூரன்தான் கதைக்கிறன்... ஓம், மறக்கேல்லை... இல்லை ஐயா, நான் வரேல்லை."

கைப்பேசி அவன் காதிலிருந்து வழுகப் பார்த்தது.

"உடம்புக்கு வருத்தம் ஒண்டுமில்லை, ஐயா. இஞ்சை வேலை கூடிப்போச்சு. ஆள் காணாது. உங்களிட்டைப் பதிஞ்ச பெடியளுக்குள்ளை கட்டாருக்குப் போக விருப்பமில்லாத ஆக்கள் ஆரும் நிண்டால், என்னட்டை அனுப்பிவிடுங்கோ."

டினேஸ் ஓடிப்போய் ஓட்டோவின் ஹோர்னை அமத்தினான். விடாமல் அமத்தினான். பக்கத்து வீட்டு நாய்கள் எல்லாம் குரைத்தன.

"மச்சாள்" என்றான், சத்தம் அடங்கிய பிறகு. "பனி உருகிட்டுது."

"சவளை என்ன செய்யப் போறாய்?"

"வாழைக்குற்றி நடக் கிடங்கு வெட்டவேணுமெல்லே. ஆள் காணாதெண்டு அண்ணை சொன்னவர். நான் ஆளில்லையோ?"

---

பொழுதுபடுகிற நேரத்தில் மழை விட்டுக்கொடுத்தது.

வருடக்கணக்காக இருட்டாகக் கிடந்த வாசல்களில் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்தது. படலையடியில் வாழைக்குற்றி, அதன் தலையில் சிட்டி. மதிலில் வரிசையாய் விளக்குகள். கிணற்றடியில் பந்தம். ஜெசிதாவின் வீட்டு வாசலில் கோபிகா கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபோது, ரொறன்ரோவில் விடிந்தும் விடியாத ஒரு குசினியில் நின்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் இரண்டு பிள்ளைகள் கண்ணைக் கசக்கியபடி எட்டிப் பார்த்தார்கள்.

"அது ஆற்றை வீடு, அம்மா?"

"எங்கடை வீடு."

ஒழுங்கை முடியும் இடத்தில் நின்று கோபிகா திரும்பிப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஊர்க்காரரின் வீடுகள், அந்தப் பக்கம் பூட்டிய வீடுகள். எது எது என்று இன்றைக்கு ஒருவராலும் சொல்ல முடியாது.

செந்தூரன் பக்கத்தில் வந்து நின்றான். "என்ன யோசிக்கிறீர்?"

"நாளைக்கு என்ன கேள்வி குடுக்கிறது எண்டு."

"இண்டைக்கு ஒரு நாளாவது சும்மா இரும்."

"இருக்கமாட்டன்" என்றாள். சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

மிஞ்சியது உடுவில் நீலப் படலை வீடு மட்டும். ஓட்டோ அங்கே போய் நின்றது. கோபிசங்கர் வீடியோவில் காத்திருந்தார். கோபிகா கைப்பேசியைப் படலைப் பக்கம் திருப்பினாள். துருப்பிடித்த பூட்டு வெளியே தொங்கியது. வாசலில் புல் முழங்காலளவு.

"சவள்" என்று கையை நீட்டினான் செந்தூரன்.

டினேஸ் சவளைக் கொடுக்கவில்லை. அவன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை... அங்கை பாருங்கோ."

பூட்டிய வீட்டின் சாமியறை ஜன்னலுக்குள் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பிள்ளை, அதை எப்பிடி உள்ளுக்கை வைச்சனீர்?" கைப்பேசிக்குள் கோபிசங்கர் கேட்டார். "திறப்பு என்னட்டையெல்லே கிடக்கு."

"நாங்கள் வைக்கேல்லை அண்ணை. இப்பதான் வாறம்."

குணலட்சுமி ஓட்டோவில் இருந்து இறங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படலையைப் பிடித்தாள்.

"ஆர் உள்ளுக்கை?"

விளக்கு ஒருமுறை ஆடி நின்றது. யாரோ அதைத் தாண்டி நடந்திருக்கிறார்கள்.

"ஆரெண்டு கேக்கிறன்!"

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் உருவம் வந்து நின்றது. முகம் தெரியவில்லை. குரலில் பயமில்லை.

"நீங்கள் ஆர்? ஆற்றை ஆக்கள்?"

ஊரையெல்லாம் விசாரிக்கிற குணலட்சுமி, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயடைத்து நின்றாள்.

கோபிகாவின் கையில் இருந்த கைப்பேசித் திரையில் கோபிசங்கரின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பிள்ளை, போனை வைச்சிடாதேங்கோ" என்றார் அவர். "அந்தக் குரலை எனக்குத் தெரியும்."